ஈயம் இல்லாத ஈயம் ஊர்கிறது, தெரியுமா?

பழைய டிவியில் படம் ஆடினால் அப்பா எழுந்து போய்ப் பக்கவாட்டில் 'பட்' என்று ஒரு தட்டுத் தட்டுவாரே, நினைவிருக்கிறதா? உடனே படம் வந்துவிடும்! கைராசி என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைத்திருப்போம். பல வீடுகளில் அந்தத் தட்டு போய்ச் சேர்ந்த இடம் எது தெரியுமா? விரிசல் விட்ட ஒரு சால்டர் ஒட்டு, அதாவது ஈயப்பற்று! அதிர்ச்சியில் விரிசலின் இரண்டு உதடும் ஒட்டிக்கொள்ளும். மின்சாரம் பாயும். படம் வரும். மறுநாள் மறுபடியும் தட்டு!

இப்போது உங்கள் கையில் இருக்கிற போனில் அப்படி எத்தனை ஒட்டு தெரியுமா? ஆயிரக்கணக்கில்! பல ஒட்டுகளின் குறுக்களவு 0.3 மில்லிமீட்டர்தான். கடுகெல்லாம் அதன் பக்கத்தில் பூசணிக்காய்! 'சிப்' என்கிற சில்லைச் சர்க்யூட் பலகையில் பிடித்துவைக்கும் ஆணியும் அதுதான், மின்சாரம் போகும் ஒயரும் அதுதான். இத்தனை ஆயிரத்தில் முக்கியமான ஒன்று வாய் பிளந்தால் போதும், போன் படுத்துவிடும்!

அந்த ஒன்று ஏன் பிளக்கிறது? கேட்டால் அசந்துபோவீர்கள்!

ஏசி அறையே உலைக்களம்!

இரும்பு 1538 டிகிரி செல்சியஸில் உருகும். இன்றைய போன்களில் இருக்கும் சால்டர் 217 டிகிரியிலேயே உருகத் தொடங்கிவிடும். கெல்வின் அளவுகோலில், அதாவது மைனஸ் 273 டிகிரியைப் பூஜ்யமாக வைத்து எண்ணிப் பாருங்கள். 25 டிகிரி அறையில் சும்மா கிடக்கும் சால்டர், தன் உருகுநிலையில் 60 சதவீதத்தை ஏற்கெனவே தொட்டுவிட்டது! இரும்பை அதே கட்டத்துக்குக் கொண்டுவர எவ்வளவு சூடாக்க வேண்டும் தெரியுமா? 800 டிகிரிக்கு மேல்! கொல்லுப் பட்டறையில் செக்கச் செவேலென்று ஒளிரும் இரும்பு இருக்கிறதே, அந்த நிலையில்தான் உங்கள் போனின் சால்டர் ஏசி அறையில் உட்கார்ந்திருக்கிறது! நமக்குக் குளிர்கிறது, அதற்குக் கொதிக்கிறது!

கார் எஞ்சின் பக்கத்தில் இருக்கும் பலகை 125 டிகிரி வரை சூடேறலாம். அந்தச் சால்டருக்கு அது இரும்புக்கு 1200 டிகிரி மாதிரி. அடேயப்பா!

ஊர்தல் என்றால்?

பரணில் ஒரு பலகை, அதன்மேல் புத்தக மூட்டை. ஒருநாளில் ஒன்றும் ஆகாது. பத்து வருடம் கழித்துப் பார்த்தால் பலகை தொங்கிப்போயிருக்கும்! பாரம் கூடவே இல்லை, நேரம் மட்டும்தான் போனது. உலோகமும் இப்படித் தொய்யும். சூடாக இருக்கும் உலோகம், தாங்கக்கூடிய பாரத்தின் கீழேயே மெல்ல மெல்ல உருமாறுவதைத்தான் பொறியாளர்கள் 'க்ரீப்' என்கிறார்கள். நம் மொழியில் ஊர்தல் என்று வைத்துக்கொள்வோமே! பழைய குண்டு பல்பின் டங்ஸ்டன் இழை நாளாக ஆகத் தொய்ந்ததும் இதனால்தான். அந்த டங்ஸ்டன் உருகுவதோ 3422 டிகிரியில்!

மெதுவாக ஊர்வதற்கு ஓர் உலக சாட்சி வேண்டுமா? ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் ஒரு கண்ணாடிப் புனல். 1927-இல் அதில் கருங்கீலை ஊற்றினார்கள். 1930-இல் புனலின் வாயைத் திறந்தார்கள். 2014 வரை விழுந்தது எத்தனை துளி? ஒன்பதே ஒன்பது! சுத்தியலால் அடித்தால் சில்லுச் சில்லாக உடையும் பொருள், சும்மா விட்டால் சொட்டுகிறது!

சால்டர் அவ்வளவு சோம்பேறி இல்லை. அழுத்தத்தை இரு மடங்காக்கினால் ஊரும் வேகமும் இரு மடங்காகும் என்றா நினைக்கிறீர்கள்? ஏமாந்தீர்கள்! அழுத்தத்தின் ஆறாம் அடுக்குப்படி ஊரும் கலவை என்றால் வேகம் 64 மடங்கு!

ஈயமா, எந்த ஈயம்?

தமிழில் ஈயம் இரண்டு! காரீயம் ஒன்று, வெள்ளீயம் ஒன்று. இரண்டும் முற்றிலும் வேறு வேறு தனிமங்கள். ரோமானியரும் இப்படியேதான் பேர் வைத்தார்கள் தெரியுமா? அவர்களுக்கும் இரண்டுமே 'ப்ளம்பம்'தான். ஒன்று கறுப்பு, ஒன்று வெள்ளை! காரீயக் குழாய்களை அந்த இரண்டு ஈயத்தையும் கலந்தே பற்றவைத்தார்கள். குழாய் ரிப்பேருக்கு வருகிறாரே ப்ளம்பர், அவர் பேரே அந்த 'ப்ளம்ப'த்திலிருந்து வந்ததுதான்!

ரேடியோ, டிவிப் பெட்டிக் காலத்துச் சால்டரில் 63 பங்கு வெள்ளீயம், 37 பங்கு காரீயம். 183 டிகிரியில் ஒரே போடாக உருகும். தனி வெள்ளீயத்துக்கு 232 டிகிரி வேண்டும், தனிக் காரீயத்துக்கு 327. இரண்டையும் சேர்த்தால் இரண்டுக்கும் கீழே இறங்கிவிடுகிறது! கணக்கு வாத்தியார் ஒப்புக்கொள்ளவே மாட்டார்!

இன்றைய போன்களின் சால்டரில் காரீயம் கிடையாது. ஆனாலும் கடையில் அதை ஈயம் என்றுதான் கேட்கிறோம். ஈயம் இல்லாத ஈயம்!

ரசச் சொம்பும் போனும் சொந்தக்காரர்கள்!

பாட்டி வீட்டு ஈயச்சொம்பு தெரியுமல்லவா? அது வெள்ளீயம். உங்கள் போனின் சால்டரிலும் 96.5 சதவீதம் அதே வெள்ளீயம்தான்! ரசம் உள்ளே இருக்கும்வரை சொம்பின் சூடு 100 டிகிரியை ஒட்டியே நிற்கும். ரசம் வற்றிக் காலிச் சொம்பு அடுப்பில் நின்றால்? 232 டிகிரியைத் தொட்டதும் கண்ணெதிரே குழைந்து உருகி ஓடும்! எத்தனை மருமகள்கள் இதற்காகத் திட்டு வாங்கியிருப்பார்களோ! தொழிற்சாலையில் சால்டர் உருகுவதும் இதே நாடகம்தான், வேண்டுமென்றே நடத்துகிறார்கள்.

ஜூலை 1, 2006!

அன்று என்ன நடந்தது தெரியுமா? ஐரோப்பிய ஒன்றியம் மின்னணுச் சாமான்களில் காரீயத்துக்குக் கதவைச் சாத்தியது! ஒரு பொருளின் எந்தச் சீரான பகுதியிலும் காரீயம் 0.1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ஒரு கிலோவில் ஒரு கிராம்! காரீயம் குழந்தைகளின் மூளையைக் கெடுக்கும் நஞ்சு. குப்பைமேட்டிலிருந்து நிலத்தடி நீருக்கு இறங்கிவிடும். ஆகவே தடை. ரோமானியர் காலம் தொட்டு வந்த கலவைக்கு ஒரே தேதியில் விடைகொடுத்தது ஒரு கண்டம்!

அதே 2006-இன் ஜனவரியில்தான் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. ஊரெல்லாம் செல்போன் கைக்கு வந்த காலமும், சால்டர் மாறிய காலமும் ஒன்றாகவே வந்தன. இந்தியாவிலும் இதே மாதிரி வரம்பு 2014 மே மாதம் நடைமுறைக்கு வந்தது.

ஒரு கிலோவில் நாலு பவுன் எடை வெள்ளி!

காரீயத்தின் நாற்காலியில் யாரை உட்காரவைத்தார்கள்? வெள்ளியை! 96.5 வெள்ளீயம், 3 வெள்ளி, 0.5 செம்பு. தொழிலில் இதற்குப் பேர் 'சாக் 305'. ஒரு கிலோ சால்டரில் 30 கிராம் வெள்ளி, கிட்டத்தட்ட நாலு பவுன் எடை! இந்த மூன்றும் சேர்ந்த கலவைக் குடும்பத்துக்கு அமெரிக்காவின் அயோவாவில் இருக்கும் ஏம்ஸ் ஆய்வகத்தில் ஐவர் ஆண்டர்சன் குழுவினர் உழைத்துப் பெற்ற காப்புரிமை 1996-ஆம் ஆண்டினுடையது. தடை வர இன்னும் பத்து வருடம் இருந்தது!

குக்கர் எங்கே, சில்லு எங்கே!

183 எங்கே, 217 எங்கே? 34 டிகிரி ஏறியதும் தொழிற்சாலையில் என்ன வம்பு வந்தது தெரியுமா? பலகைகள் நகரும் அடுப்புக்குள் 240 டிகிரிவரை போக வேண்டியதாயிற்று. சில்லின் கறுப்பு உறை காற்றிலிருந்து கொஞ்சம் ஈரத்தை உறிஞ்சியிருக்கும். 240 டிகிரியில் அடைபட்ட நீராவி காற்றழுத்தத்தைப்போல் 33 மடங்குவரை போகும்! வீட்டுக் குக்கர் 2 மடங்கோடு விசில் அடித்துவிடும். உறை தாங்குமா? உள்ளுக்குள்ளேயே உப்பிப் 'படார்' என்று வெடிக்கும்! தொழிலில் இதற்கு என்ன பேர் வைத்திருக்கிறார்கள் என்று நினைக்கிறீர்கள்? 'பாப்கார்ன்'! மெய்யாகவே அதுதான் பேர்! அதனால்தான் சில்லுகள் ஈரம் உறிஞ்சும் பொட்டலம் போட்ட காற்றுப்புகாப் பைகளில் வருகின்றன. பையைப் பிரித்தால் கடிகாரம் ஓட ஆரம்பித்துவிடும். இத்தனை மணி நேரத்துக்குள் அடுப்பேற்ற வேண்டும் என்று பையின் மேலேயே அச்சடித்திருக்கும்!

தென்னை மரம் தினமும் ஆடினால்?

சிலிக்கன் சில்லு ஒவ்வொரு டிகிரிக்கும் பத்து லட்சத்தில் சுமார் 3 பங்கு நீளும். கீழே இருக்கும் பச்சைப் பலகை 17 பங்கு நீளும். சில்லின் நடுவிலிருந்து 10 மில்லிமீட்டர் தள்ளி, சில்லுக்கும் பலகைக்கும் இடையே ஒரு சால்டர் உருண்டை, 60 டிகிரி சூடு என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். மேல்பக்கமும் கீழ்ப்பக்கமும் 8 மைக்ரான் விலகிவிடும். தலைமுடிப் பருமனில் பத்தில் ஒரு பங்கு! இதுவா பெரிசு என்கிறீர்களா? உருண்டையின் உயரமே 200 மைக்ரான்தான் என்றால் அது 4 சதவீதச் சாய்வு. 50 அடித் தென்னையின் தலையைப் பிடித்து 2 அடி இழுத்துப் பிடிப்பது மாதிரி!

தென்னை விட்டால் நிமிர்ந்துவிடும். சால்டர் நிமிராது! இழுத்துப் பிடித்திருக்கும் நேரத்தில் அது ஊர்ந்து ஊர்ந்து அந்தச் சாய்வையே தன் சொந்த வடிவமாக ஆக்கிக்கொள்ளும். பிறகு போன் குளிரும். இப்போது எதிர்ப்பக்கம் இழுவை! அங்கும் ஊர்ந்து பழகும். மறுபடி சூடு. கம்பியை அப்படியும் இப்படியும் வளைத்து முறிப்போமே, அதேதான்! ஒரே படிகமாக இருந்த உருண்டை இழுவை மிகுந்த ஓரத்தில் சின்னச் சின்னப் படிகங்களாகச் சிதறும். அந்த இடுக்குகள் வழியே விரிசல் நுழையும்.

முதலில் செத்துப்போவது பெரும்பாலும் எந்த உருண்டை தெரியுமா? மூலையில் இருப்பது! நடுவிலிருந்து தூரம் கூடக்கூட இழுவையும் கூடும். அதனால் சில சில்லுகளில் மூலை உருண்டைகளை எந்த வேலையும் கொடுக்காமல் பலியாடாகவே வைத்திருக்கிறார்கள்!

ஒரு நாளில் 16 தீபாவளி!

பன்னாட்டு விண்வெளி நிலையம் சுமார் 90 நிமிடத்துக்கு ஒருமுறை பூமியைச் சுற்றுகிறது. ஒருநாளில் 16 விடியல், 16 இரவு! வருடத்துக்கு 5840 தடவை வெயிலும் நிழலும் மாறிமாறி அடிக்கும். வெளியே வைக்கும் கருவியின் சால்டர் என்ன பாடுபடும்! உங்கள் காரும் லேசுப்பட்டதில்லை. ஒருநாளைக்கு இரண்டு தடவை எடுத்தால் 15 வருடத்தில் 10,950 சூடு-குளிர்!

மைனஸ் 40-இலிருந்து பிளஸ் 125-க்கு!

பதினைந்து வருடம் காத்திருந்து சோதிக்க முடியுமா? பெட்டிக்குள் போட்டு மைனஸ் 40 டிகிரிக்குக் குளிரவைத்து, பிளஸ் 125-க்குச் சுடவைத்து, திரும்பத் திரும்ப ஆயிரம் தடவைகூட வாட்டுகிறார்கள்! அந்த வாட்டலை நிஜ வருடங்களாக மாற்றிக்காட்டும் சூத்திரம் ஒன்றை ஐபிஎம்மின் நாரிஸும் லாண்ட்ஸ்பெர்கும் 1969-இல் வெளியிட்டார்கள். மனிதன் நிலவில் கால் வைத்த அதே வருடம்! எண்களைத் திருத்தி இன்றைக்கும் அதையே ஓட்டுகிறார்கள்.

இன்னொரு சோதனை உண்டு. கைநழுவி விழுவதற்கான சோதனை! போர் விமானி 9 'ஜி' விசையை, அதாவது புவியீர்ப்பைப்போல் 9 மடங்கைத் தாங்கினாலே வீரர். சால்டர் பலகைக்குக் கொடுக்கும் அதிர்ச்சி எவ்வளவு தெரியுமா? 1500 'ஜி'! அதுவும் அரை மில்லி நொடியில்! அப்படியே பல தடவை!

வெள்ளியோடு ஒரு சண்டை

வெள்ளி கூடினால் சால்டர் விறைப்பாகும். சூடு-குளிரில் நிறைய நாள் உழைக்கும். சபாஷ் என்கிறீர்களா? பொறுங்கள்! விறைப்பான சால்டர் தரையில் விழுந்தால் 'டக்' என்று பிட்டுக்கொள்ளும். வெள்ளியை 3-இலிருந்து 1 சதவீதமாகக் குறைத்தால் அடியை நன்றாகத் தாங்கும், ஆனால் சூடு-குளிரில் சீக்கிரம் களைத்துவிடும்! சர்வர் விழாது, ஆனால் வேகும். போன் அடிக்கடி விழும். ஆகவே ஒன்றுக்கு நல்லது மற்றதுக்கு ஆகாது! இருபது வருடமாக இந்தப் பஞ்சாயத்து முடியவில்லை.

உருக்குக்கு எழுதிய கணக்கு!

எம்ஐடி பேராசிரியர் லல்லித் ஆனந்த், ஐஐடி கரக்பூரில் படித்தவர். 1980-களில் அவர் ஒரு கணித மாதிரியை உருவாக்கினார். எதற்கு? உலையில் காய்ச்சிய உலோகங்களை அடித்து உருட்டும்போது அவை எப்படி இளகும் என்று சொல்ல! ஒன்பது எண்களைக் கொடுத்தால் போதும். இன்று உலகம் முழுதும் அதை எதற்கு ஓட்டுகிறார்கள் தெரியுமா? அறைச்சூட்டில் இருக்கும் சால்டருக்கு! ஏசி அறையே உலைக்களம் என்று மேலே சொன்னேனே, இதைவிடச் சாட்சி வேண்டுமா?

கிளி எடுக்கும் சீட்டு!

இது எனக்கே நெஞ்சை அடைத்த சங்கதி! செப்பு ஒயரை வெட்டிப் பார்த்தால் ஏராளமான பொடிப் படிகங்கள் தெரியும். வெள்ளீய உருண்டையை வெட்டிப் பார்த்தால்? பல சமயம் ஒரே படிகம்! மிஞ்சினால் இரண்டு மூன்று! அந்தப் படிகமோ எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி நடந்துகொள்ளாது. ஒரு திசையில் மற்றத் திசையைப்போல் இரு மடங்கு நீளும். விறைப்போ சுமார் மூன்று மடங்கு! நிக்கல் அணுக்கள் அதற்குள் நுழைந்து ஓடும் வேகத்தைக் கேட்டால் மயக்கமே வரும். 120 டிகிரியில் ஒரு திசையில் ஓடுவது மறு திசையைவிடச் சுமார் 70,000 மடங்கு வேகம்!

அடுப்பிலிருந்து வெளிவரும்போது எந்த உருண்டை எந்தத் திசையைப் பார்த்து உறையும்? யாருக்கும் தெரியாது! கிளி ஜோசியம் மாதிரிதான். ஒரே பலகை, ஒரே அடுப்பு, ஒரே நாள். பக்கத்துப் பக்கத்து உருண்டையில் ஒன்றுக்கு நீண்ட ஆயுள், ஒன்றுக்கு அற்பாயுள்!

217-இல் உருகும், 217-இல் உறையாது!

தண்ணீர் பூஜ்யத்தில் உறையும் என்று படித்தோம். சால்டர் உருண்டையோ உறைநிலையைத் தாண்டி 20, 30 டிகிரி இறங்கியும் திரவமாகவே அடம்பிடிக்கும்! சில நேரம் 60 டிகிரிகூட. பிறகு திடீரென்று ஒரே நொடியில் கெட்டியாகிவிடும்!

சும்மா இருந்தாலும் கிழடாகும்!

ஸ்பேர் பலகை ஒன்றை வாங்கிப் பீரோவில் பத்திரமாக வைத்திருக்கிறீர்களா? சும்மாதானே கிடக்கிறது, கெட்டா போகும்? போகும்! அமெரிக்காவின் ஆபர்ன் பல்கலைக்கழகத்தார் காரீயம் இல்லாத சால்டரை எந்தப் பாரமும் ஏற்றாமல் அறைச்சூட்டில் வைத்துப் பார்த்தார்கள். மாதக்கணக்கில் அதன் வலு குறைந்துகொண்டே போனது, ஊரும் வேகம் ஏறிக்கொண்டே போனது! உள்ளே இருக்கும் நுண்ணிய வெள்ளிச் சேர்மத் துகள்கள் ஒன்றையொன்று விழுங்கிப் பருத்துவிடுகின்றன. ஊர்வதைத் தடுத்த ஆயிரம் காவலர் நூறு தொப்பைக்காரர் ஆனால் காவல் எப்படி இருக்கும்?

ஒன்று இருபதான அதிசயம்!

1934-இல் சி. இ. பியர்சன் என்பவர் பிஸ்மத்-வெள்ளீயக் கம்பி ஒன்றை மெல்ல இழுத்தார். இழுத்தார். இழுத்துக்கொண்டே இருந்தார்! கடைசியில் எவ்வளவு நீண்டிருந்தது தெரியுமா? 1950 சதவீதம்! ஒரு ஜாண் கம்பி இருபது ஜாணாக! சுருட்டித்தான் படம் எடுத்தார். உலோகமா, ஜவ்வு மிட்டாயா? மின்சாரத்தை மிச்சம்பிடிக்க இன்று சில தொழிற்சாலைகள் 138 டிகிரியிலேயே உருகும் பிஸ்மத்-வெள்ளீயச் சால்டருக்கு மாறுகின்றன. பியர்சன் இழுத்த அதே குடும்பம்தான்!

மின்சாரமே அணுவைத் தள்ளும்!

உங்கள் வீட்டு 1.5 சதுர மில்லிமீட்டர் ஒயரில் 150 ஆம்பியர் விட்டால் என்ன ஆகும்? புகையும், தீப்பிடிக்கும்! அதே நெருக்கத்தில்தான், அதாவது சதுர சென்டிமீட்டருக்குப் பத்தாயிரம் ஆம்பியர் கணக்கில், சில்லுக்குள் இருக்கும் குட்டிச் சால்டர் புள்ளிகள் மின்சாரம் சுமக்கின்றன. அந்தக் கூட்டத்தில் எலெக்ட்ரான்கள் உலோக அணுக்களையே முட்டித் தள்ளிக்கொண்டு போய்விடும்! ஒரு முனையில் குழி, மறு முனையில் மேடு!

மூன்று சிவப்பு விளக்கு, 100 கோடி டாலர்!

எக்ஸ்பாக்ஸ் 360 விளையாட்டுப் பெட்டி 2005-இல் வந்தது. திடீர் திடீரென்று மூன்று சிவப்பு விளக்கு எரிந்து செத்துப்போனது! 2007 ஜூலையில் மைக்ரோசாப்ட் உத்தரவாதத்தை மூன்று வருடமாக நீட்டி, அதற்கென்று 100 கோடி டாலருக்கு மேல் ஒதுக்கியது. 2021-இல் அவர்களே எடுத்த ஆவணப்படத்தில் காரணத்தைச் சொன்னார்கள்: போடுவதும் அணைப்பதுமாகச் சூடும் குளிர்ச்சியும் மாறி மாறி அடித்ததில் பாகங்களுக்குள் இருந்த இணைப்புகள் முறிந்தன! பிள்ளைகள் கண்டுபிடித்த வைத்தியம் தெரியுமா? பெட்டியைத் துண்டில் சுற்றிச் சூடேற்றுவது! சில நேரம் உயிர் வந்தது, சில நாளில் மறுபடி போனது.

ஒரு விரிசல்

இதைச் சொல்லும்போது மட்டும் ஆச்சரியக்குறி வேண்டாம். 2014 டிசம்பர் 28 அன்று இந்தோனேசியாவின் சுரபாயாவிலிருந்து சிங்கப்பூருக்குக் கிளம்பிய ஏர்ஏசியா விமானம் கடலில் விழுந்தது. 162 பேர். ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. வால்பக்கச் சுக்கான் எவ்வளவு திரும்பலாம் என்று வரம்பு வைக்கும் கருவியின் மின்னணுப் பலகையில் ஒரு சால்டர் ஒட்டு விரிந்திருந்ததை விசாரணை கண்டது. அதே கோளாறு அந்த வருடத்தில் 23 முறை பதிவாகியிருந்தது. அன்று பறக்கும்போது நான்கு முறை எச்சரிக்கை வந்தது. அதைச் சரிசெய்ய முயன்றபோது தானியங்கி விமானி விலக, பிறகு விமானம் கட்டுப்பாட்டை இழந்தது. சால்டர் மட்டும் காரணமல்ல, பராமரிப்பும் கையாண்ட விதமும் சேர்ந்தே காரணம் என்றது அறிக்கை. ஆனால் தொடக்கம் அங்கேதான்.

உலோகத்துக்கு மீசை முளைக்குமா?

முளைக்கும்! தூய வெள்ளீயப் பூச்சிலிருந்து தானாகவே மயிரிழைகள் கிளம்பும்! சில மைக்ரான் பருமன், ஆனால் சில மில்லிமீட்டர் நீளம். 10 மில்லிமீட்டரைத் தாண்டியதும் உண்டு! சில்லின் பக்கத்துக் காலைத் தொட்டால் ஷார்ட் சர்க்யூட்! 1998 மே 19 அன்று கேலக்ஸி 4 என்ற செயற்கைக்கோள் செயலிழந்தது. அமெரிக்காவில் சுமார் 4 கோடி பேஜர்கள் ஒரே நாளில் ஊமையாயின! குற்றவாளி இந்த மீசைதான் என்று பிறகு முடிவுக்கு வந்தார்கள். 2005 ஏப்ரலில் அமெரிக்காவின் மில்ஸ்டோன் அணுமின் நிலையத்தில் ஓர் உலை திடீரென்று நின்றது. அங்கேயும் பலகையில் ஒரு மீசை!

விண்வெளியின் வெற்றிடத்தில் இது இன்னும் பொல்லாதது. மீசை ஆவியாகி, நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும் தீப்பொறிப் பாலமே உண்டாகலாம்! இதற்கு மருந்து? வெள்ளீயத்தில் சில சதவீதம் காரீயம் கலந்தால் மீசை அடங்கிவிடும்! எதைத் துரத்தினோமோ அதுவே மருந்து! அதனால்தான் விண்கலங்களில் இன்றும் காரீயச் சால்டருக்கு இடம் உண்டு, தூய வெள்ளீயப் பூச்சுக்குத் தடை உண்டு.

ஃப்ரீசரில் பொடியான சால்டர்!

13.2 டிகிரிக்குக் கீழே வெள்ளீயத்துக்கு ஒரு நோய் வரலாம். பளபளப்பான உலோகம் சாம்பல் நிறப் பொடியாகும், கன அளவு 27 சதவீதம் பெருகும்! பிரிட்டனின் ஓப்பன் யூனிவர்சிட்டியில் 0.5 சதவீதம் செம்பு கலந்த வெள்ளீயச் சால்டரை மைனஸ் 18 டிகிரியில் வைத்தார்கள். நம் வீட்டு ஃப்ரீசர் குளிர்தான்! ஒன்றரை வருடத்தில் மேற்பரப்பில் சுமார் 40 சதவீதம் நோய்ப்பட்டது. 1.8 வருடத்தில் 70 சதவீதம்! நெப்போலியன் படையின் பொத்தான்கள் ரஷ்யக் குளிரில் இப்படித்தான் உதிர்ந்தன என்று ஒரு கதை உண்டு. கேட்க ஜோராகத்தான் இருக்கிறது, ஆனால் கதையாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

ஊட்டிக் குளிரே 13 டிகிரிக்குக் கீழே போகுமே என்று பயப்பட வேண்டாம். நோய் சட்டென்று பற்றுவதற்கு அதைவிட நிறையக் குளிர் வேண்டும். கொஞ்சம் காரீயமோ, ஆன்டிமனியோ, பிஸ்மத்தோ கலந்திருந்தாலே நோய் எட்டிப்பார்க்காது!

அமுக்கினால் வேலை செய்யுது சார்!

சென்னை ரிச்சி தெருவின் எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் பக்கம் போய்க் கேளுங்கள். போனின் நடுவில் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்துவிட்டு, "ஐசி அடியில விட்டிருக்கு சார், ரீபால் பண்ணணும்" என்பார் கடைக்காரத் தம்பி. மைக்ராஸ்கோப் இல்லை, எக்ஸ்ரே இல்லை, கட்டைவிரல்தான்! அப்பா டிவியைத் தட்டிய அதே வைத்தியம்! ஐசி என்றால் நம் சில்லுதான். ரீபால் என்றால் பழைய உருண்டைகளை வழித்தெடுத்துப் புது உருண்டைகள் வைத்து மறுபடி உருக்குவது. வெறும் சூட்டுக்காற்று மட்டும் அடித்துக் கொடுத்தால் வாங்காதீர்கள். விரிசல் ஒட்டிக்கொண்ட மாதிரி இருக்கும், சில வாரத்தில் திரும்ப வரும்!

கடைசியாக, அழும் உலோகம்!

தூய வெள்ளீயத் துண்டைக் காதருகே வைத்து வளைத்தால் 'கிரீச்' என்று கத்தும் தெரியுமா? உள்ளே படிகங்கள் திசை மாறிப் புரள்கிற சத்தம் அது! உலகம் முழுதும் அதற்கு 'வெள்ளீயத்தின் அழுகை' என்றே பேர். அதற்காகப் பரணில் இருக்கும் ஈயச்சொம்பை எடுத்து வளைத்துவிடாதீர்கள், பாட்டி அழுதுவிடுவார்! புதுச் சொம்பு வாங்குவதாக இருந்தால் கடைக்காரரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இது வெள்ளீயம்தானே, காரீயம் கலக்கவில்லையே?" போனுக்கே ஆகாது என்று ஒதுக்கியது ரசத்துக்கு எதற்கு?